லீவெடுக்கத் தெரிந்தவர்

லீவு தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் தன் தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எல்லோருடைய கோப்பைகளும் ஒரு தட்டில் கவிழ்ந்து கிடக்கும். லீவில் போனவர்களின் கோப்பைகளை அவசரத்துக்கு யாராவது எடுத்துக் குடிப்பார்கள். அவருடையது மட்டும் அங்கே இருக்காது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் இஞ்சை இல்லையெண்டால் முழுக்க இல்லை, தங்கச்சி. கோப்பை மட்டும் நிண்டு என்ன செய்யிறது?" என்றார்.

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் வாவிகளும் வீடுகளும் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த யன்னல் தொழிற்சாலை. சட்டத்தில் பொருத்தி வரும் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி றப்பர் நாடாவை அழுத்துவது என் வேலை. கண்ணாடிக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்குவது அவருடைய வேலை. அதற்காக அவர் ஓட்டிய, பாரம் தூக்குகிற சிறிய வண்டியை டெனிஸ்காரர் ட்ரக் என்பார்கள். அதில் அவர் சைக்கிளில் போகிறவரைப்போல முதுகை நிமிர்த்திக்கொண்டு இருப்பார். மெலிந்த உடம்பு. கோடையிலும் தலையில் ஒரு கம்பளித் தொப்பி. ஒரு கண்ணாடிகூட அவர் கையில் உடைந்ததாக நினைவில்லை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். வேலை செய்கிற நேரத்தில் அவரைவிட ஒழுங்காக வேலை செய்கிறவர் இல்லை. ஆனால் லீவு என்று வந்துவிட்டால் ஒரு மணித்தியாலத்தைக்கூட விட்டுக்கொடுக்கமாட்டார்.

முகத்துக்கு முன்னால் எல்லோரும் அவரை அண்ணை என்போம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு "லீவுக்காரர்" என்று பெயர்.

அந்தப் பெயரில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் லீவை ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. தொழிற்சாலையில் வேலை செய்த தமிழர்கள் எல்லோரும் ஓவர்ரைம் பலகையில் முதல் ஆளாகப் பெயர் எழுதப் போட்டி போட்டோம். என் கணவர் பகலில் இறைச்சித் தொழிற்சாலையிலும் பின்னேரங்களில் பாடசாலை துப்புரவாக்கும் வேலையிலும் இருந்தார். லீவு வந்தால் அந்த நாட்களில் செய்வதற்கு இன்னொரு வேலை தேடுவார். ஊரில் தங்கச்சிமாரின் கல்யாணம், இங்கே வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லா வீட்டுக்கும் காரணங்கள் இருந்தன. இப்படிப்பட்ட கூட்டத்துக்குள் ஒருவர் வருடத்துக்கு ஐந்து கிழமையும் எடுத்து, அதற்குமேல் ஒப்பந்தத்தில் தருகிற மேலதிக நாட்களையும் எடுத்து, அந்த நாட்களில் வேலைக்கும் போகாமல் இலங்கைக்கும் போகாமல் வீட்டு முற்றத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தால் என்ன சொல்வார்கள்? சோம்பேறி என்றார்கள். டெனிஸ்காரனாக மாறிவிட்டார் என்றார்கள். அவருடைய மனைவியிடமே சொன்னார்கள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்த அந்த அக்கா, "அந்தாள் வீட்டிலை நிண்டால் எனக்குத்தான் வேலை கூட" என்று சொல்லிச் சிரித்துச் சமாளிப்பா.

விபோர்க்கில், வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆண்கள் வேலைக் கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேலை செய்து இரண்டாவது வீடும் வாங்கியிருந்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவரைப் பார்த்து, "அண்ணை, உங்களைப் போலை லீவெடுத்துப் படுக்க எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை" என்றார்.

அண்ணை அப்பளத்தை உடைத்துச் சோற்றில் போட்டுக்கொண்டே, "குடுத்துத்தான் வைச்சிருக்கிறாங்கள். நீர்தான் போய் எடுக்கேல்லை" என்றார்.

மேசை முழுவதும் சிரித்தது. சொன்னவரும் சிரித்தார். ஆனால் அண்ணை சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முன்பே எனக்கு ஒருமுறை அவர் லீவு எடுத்துக் கொடுத்திருந்தார்.

அப்போது நான் தொழிற்சாலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். ஒரு காலை மகனுடைய பாலர் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். கணவர் வேலையில். நான் மேற்பார்வையாளரிடம் கேட்கப் பயந்து, மதியம்வரை சமாளிக்கலாம் என்று நாடாவை அழுத்திக்கொண்டு நின்றேன். கை வேலை செய்தது, கண் கலங்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக் கட்டை இறக்க வந்தவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் லீவு கேட்டால் வேலையால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தையும் சொன்னேன். அவர் வண்டியை விட்டு இறங்கி, கையுறையைக் கழற்றிவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"பிள்ளைக்கு வருத்தம் வாற முதல் நாள் தாயோ தேப்பனோ வீட்டிலை நிக்கலாம். அது உம்மடை ஒப்பந்தத்திலை இருக்கு. லீவு கேக்கிறது பிச்சை கேக்கிறேல்லை. போம், போய்ச் சொல்லிப்போட்டு வெளிக்கிடும்."

நான் அப்போதும் நின்றேன். அவர் என்னோடு மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைவரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் மேற்பார்வையாளர், அந்த வயதான டெனிஸ்காரர், ஏன் இன்னும் நிற்கிறாய், ஓடு என்றார். அவ்வளவுதான். நான் இவ்வளவு காலமும் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மகன் அன்று பின்னேரம் முழுவதும் என் மடியில் சுருண்டு கிடந்தான்.

அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போன ஒரு பக்கமும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டென்மார்க்கில் வருடத்தின் ஐம்பத்திரண்டு கிழமைகளையும் இலக்கம் சொல்லித்தான் கதைப்பார்கள். ஒக்டோபரில் வரும் நாற்பத்திரண்டாம் கிழமை பாடசாலைகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் உள்ளவர்கள் எல்லோருக்கும் அந்தக் கிழமைதான் வேண்டும், எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பதால் கோடைக்கு முன்பே முறை வைத்துப் பிரித்துவிடுவார்கள். ஒரு வருடம் அந்தக் கிழமை அண்ணைக்குக் கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு தம்பி எங்களோடு வேலை செய்தான். பதினைந்து வருடமாகக் காணாத அவனுடைய தமக்கை லண்டனிலிருந்து அதே கிழமை வருகிறா என்று செய்தி வந்தது. அவன் அண்ணையிடம் கிழமையை மாற்றித் தரும்படி கேட்டான். முடியாது என்றார். அவன் என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனான். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"மகளுக்குச் சொல்லிப்போட்டன். அந்தக் கிழமை அவளோடை நிப்பன் எண்டு" என்றார். சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அந்தத் தம்பி அதன்பிறகு, வேறு வேலை கிடைத்து ஓல்போர்க்குக்குப் போகும்வரை, அவரோடு கதைக்கவில்லை. எனக்கும் கோபம்தான். இவ்வளவு பிடிவாதம் ஒரு மனிதனுக்குத் தேவையா என்று கணவரிடம் சொல்லிக் குறைப்பட்டேன்.

அந்தக் கிழமையில் ஒரு நாள் எனக்குப் பின்னேர வேலை. காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். இலைகள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாங்கில் அவர் தனியாக அமர்ந்திருந்தார். மடியில் இரண்டு பாண் பொதிகள், பக்கத்தில் தேநீர்ப் போத்தல். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார். மகள் எங்கே என்று நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார்: "அவளுக்குச் சினேகிதியின்ரை வீட்டை போக வேண்டி வந்திட்டுது. நாளைக்கு வருவாள். கிழமை முழுக்கக் கிடக்குத்தானே."

அவள் அப்போது பதினைந்து பதினாறு வயதுப் பெண். தமிழில் எதைக் கேட்டாலும் டெனிஸில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் அப்படித்தான் என்பதால் அதில் எங்களுக்குப் புதுமை ஒன்றும் இல்லை. அவர் ஒரு பொதியை அவிழ்த்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். முட்டைப் பொரியலும் சீனிச் சம்பலும் வைத்த பாண். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவள் வந்தாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

இந்த லீவுப் பிடிவாதத்தின் காரணத்தை அவர் எனக்குச் சொன்னது அதற்குப் பிறகு வந்த பனிக்காலத்தில். வீதியெல்லாம் பனி மூடி, கண்ணாடி கொண்டுவர வேண்டிய லொறி வந்து சேரவில்லை. வேலை இல்லாமல் எல்லோரும் சாப்பாட்டு அறையில் காத்திருந்தோம். டெனிஸ்காரர் ஒரு பக்கம் சீட்டாடினார்கள். நான் அவருடைய மகளை முதல்நாள் கடையில் கண்டதாகவும், நல்ல உயரமாக வளர்ந்துவிட்டாள் என்றும் சாதாரணமாகச் சொன்னேன். அவர், தான் டென்மார்க்குக்கு வருவதற்கு முன்பு சவூதியில் வேலை செய்ததைச் சொல்லத் தொடங்கினார். கட்டட வேலை. கல்யாணம் முடித்துச் சில மாதங்களில் போனவர். கடவுச்சீட்டைக் கம்பனி வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு வருடம் முடிந்தால் லீவு என்றுதான் ஒப்பந்தம். மகள் பிறந்தது கடிதத்தில் தெரிந்தது. இரண்டு வருடம் முடிந்ததும் கேட்டார். ஆள் இல்லை, இந்தக் கட்டடம் முடியட்டும் என்றார்கள். கட்டடம் முடிந்ததும் கேட்டார். அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள்.

"ஒவ்வொருக்காவும் தலையை ஆட்டிப்போட்டு வந்தனான். மூண்டரை வரியத்துக்குப் பிறகு வீட்டை போய் இறங்கிறன், பிள்ளை தாயின்ரை சீலைக்குப் பின்னாலை நிண்டு எட்டிப் பாக்கிறாள். ஆரெண்டு தெரியுதோ எண்டு மனிசி கேட்டா. மாமா எண்டாள்."

அவர் சிரிக்க முயன்றார். பிறகு நாட்டில் சண்டை தொடங்கி, சவூதிக்குத் திரும்பிப் போகாமல் டென்மார்க்குக்கு வந்ததும், மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பதற்கு இன்னும் சில வருடங்கள் ஆனதும் எனக்குத் தெரிந்த கதைதான். அவள் வந்து விமான நிலையத்தில் இறங்கியபோது ஏழு வயது. அப்பா என்று கூப்பிடும்படி தாய் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததால் கூப்பிட்டாளாம்.

"இஞ்சை வேலைக்குச் சேந்த அண்டைக்கு ஒப்பந்தத்தை வாசிச்சுக் காட்டினாங்கள். லீவு எண்ட பகுதி வந்தோடனை திருப்பி வாசிக்கச் சொன்னன்" என்றார்.

லொறி வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அதன்பிறகு அவர் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. நானும் அவரை லீவுக்காரர் என்று சொல்வதை விட்டுவிட்டேன்.

வருடங்கள் போயின. பிள்ளைகள் எல்லோரும் வளர்ந்து வீட்டை விட்டுப் போனார்கள். அவருடைய மகள் தாதியாகப் படித்து ஓல்போர்க்கில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலில் காற்றாலைகள் திருத்தப் போகும் ஒரு டெனிஸ் பையனைக் கல்யாணம் செய்தாள். நாங்கள் எல்லோரும் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தோம். அண்ணை அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு கிழமை லீவெடுத்திருந்தார் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் தொழிற்சாலையில் பழைய முதலாளி தொடங்கிவைத்த ஒரு வழக்கம் இருந்தது. இருபத்தைந்து வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தவருக்கு வழமையான லீவுக்கு மேலாக, சம்பளத்தோடு மூன்று மாதம் லீவு. நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை, வேறு இடங்களில் வேலை செய்தவர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். எனக்குத் தெரிய ஒரு டெனிஸ்காரர் அந்த மூன்று மாதத்தில் படகு ஒன்று கட்டி முடித்தார். இன்னொருவர் மனைவியோடு காருக்குப் பின்னால் படுக்கை வசதியுள்ள கூண்டு வண்டியை இழுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய் வந்தார். பிறகு தொழிற்சாலை கைமாறியது. புதிய நிர்வாகம் வழக்கத்தை நிறுத்தவில்லை. விரும்பியவர்கள் லீவுக்குப் பதிலாகப் பணமாகவும் வாங்கலாம் என்று மட்டும் சேர்த்தார்கள். அதன்பிறகு லீவெடுத்தவர் யாரும் இல்லை. எல்லோரும் பணமாகவே வாங்கினார்கள்.

தமிழர்களில் முதன்முதலாக இருபத்தைந்து வருடத்தை எட்டியவர் அண்ணை. அன்று காலை சாப்பாட்டு அறையில் மேசைகளில் சிறிய டெனிஸ் கொடிகள் வைத்து, பணிசும் வெண்ணெயும் பரிமாறினார்கள். இயக்குநர் எழுந்து பேசினார். இருபத்தைந்து வருடத்தில் இந்த மனிதர் உடைத்த கண்ணாடியைத் தான் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றார். எல்லோரும் கைதட்டினோம். அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, தொப்பி இல்லாமல் நின்றார். தொப்பி இல்லாத தலை மிகவும் நரைத்திருந்தது. கைகுலுக்கும்போது இயக்குநர், அப்படியென்றால் பணம் இந்த மாதச் சம்பளத்தோடு வந்துவிடும் என்றார். அண்ணை, இல்லை, நான் லீவு எடுக்கிறேன் என்றார்.

ஓல்போர்க்கில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. பிரசவ லீவு முடியப் போகிறது. கணவன் மாதத்தில் பாதி நாள் கடலில். பக்கத்துக் காப்பகத்தில் இடம் கோடை தொடங்கும்போதுதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணை தொலைபேசியில் மகளிடம் தான் வந்து நிற்பதாகச் சொன்னார். நிறையச் சொல்லவில்லை, எனக்கு மூன்று மாதம் லீவு கிடக்கு, நான் வந்து பிள்ளையைப் பாக்கிறன் என்று மட்டும் சொன்னாராம். மகள் டெனிஸில் யோசிக்கிறேன் என்றிருக்கிறாள்.

"வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றார் என்னிடம். அந்தக் கிழமை முழுவதும் அவருக்கு அதுதான் பேச்சு. யோசிக்கிறன் எண்டாள், வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

அக்கா என் வீட்டுக்கு வந்து குறைப்பட்டா. கூரை ஒழுகுகிறது, பணத்தை வாங்கினால் திருத்தலாம். கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாத மனிதன் தனியாக அங்கே போய் என்ன செய்யப் போகிறார்? தான் போவதென்றால் தன் வேலையில் லீவு இல்லை. நீர் சொன்னால் கேட்பார் என்றா. நான் சொல்லவில்லை.

மகளிடமிருந்து சரி என்று பதில் வந்த அதே நாட்களில்தான் தொழிற்சாலைக்குப் பெரிய ஓடர் ஒன்று வந்தது. கோப்பன்ஹேகனில் புதிதாகக் கட்டும் மாடிவீடுகளுக்கு யன்னல்கள். உற்பத்தி முகாமையாளர் அண்ணையை அலுவலகத்துக்கு அழைத்தார். அப்படியான சந்திப்புகளுக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் என்னைக் கேட்டார். முகாமையாளர் நாற்பது வயதுக்காரர், நல்ல மரியாதையான மனிதர். கோப்பி ஊற்றித் தந்தார். இந்த ஓடர் முடியும்வரை பொறுத்து, இலையுதிர்காலத்தில் லீவை எடுத்துக்கொள்ளலாமே என்றார். இப்போதே போவதென்றால் ட்ரக்குக்கு இன்னொருவரைப் பழக்க வேண்டியிருக்கும், பழக்கியவரைப் பிறகு இறக்க முடியாது, திரும்பி வரும்போது அந்த வேலை இருக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை. அண்ணைக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் பழுது. இருந்தபடி செய்கிற அந்த வேலையை விட்டால் நிற்கிற வேலைதான்.

அண்ணை கோப்பியைத் தொடவில்லை. தன் உடைந்த டெனிஸில் கேட்டார்: "இலையுதிர்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு இதே வயது இருக்குமா?"

முகாமையாளர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "இருக்காது" என்றார் முகாமையாளர்.

"அப்படியென்றால் நான் இப்போது போகிறேன்."

வெளியே வந்ததும், ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ அண்ணை என்றேன். வேலை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் நடந்துகொண்டே, "உதே மாதிரி அறையிலை, உதே மாதிரி நல்ல மனிசரிட்டைத்தான் நான் அங்கையும் தலையை ஆட்டினனான்" என்றார். கையுறையை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினார். அன்றுதான் கண்டேன், அவரும் பயந்தவர்தான்.

மாசி மாதம் போனார். மூன்று மாதமும் ஒருவரையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. அக்கா சனி ஞாயிறுகளில் ரயிலேறிப் போய் வருவா. அவவிடம் கேட்டால், "உயிரோடை இருக்கினம், ரெண்டு பேரும்" என்பா.

வைகாசியில் திரும்பி வந்தார். முகாமையாளர் சொன்னதுபோலவே ட்ரக்கில் ஒரு இளம் பையன் இருந்தான். அண்ணையை என் பக்கத்து மேசையில் விட்டார்கள். இருபத்தைந்து வருடம் கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்கியவர், இப்போது என்னிடமிருந்து நாடா அழுத்தப் பழகினார். முதல் கிழமை விரல் நுனிகள் புண்ணாகிவிட்டன. மத்தியானத்துக்குப் பிறகு கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். எனக்கு அதைப் பார்க்கக் கோபம் கோபமாக வந்தது. யாரில் கோபம் என்று தெரியவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். உங்களுக்கு இது சரியாப் படுதோ அண்ணை? அந்தப் பணம் வந்திருக்கும், ட்ரக்கும் இருந்திருக்கும். அங்கே போய் என்னத்தைக் கண்டீர்கள்?

அவர் இரண்டு யன்னல்கள் போகும்வரை நாடாவை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதல் இரண்டு கிழமையும் மகள் அவரை நம்பவில்லை. பால் எப்படிச் சூடாக்குவது, துடைப்பது எப்படி, எத்தனை மணிக்குப் படுக்கவைப்பது என்று வார்டில் புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்குச் சொல்வதுபோல டெனிஸில் கட்டளை போடுவாள். வேலையிலிருந்து நாலைந்து தரம் தொலைபேசி எடுப்பாள். இவர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு குளிரில் கடல்நீரேரிக் கரையோரம் நடப்பார். கப்பல்களைக் காட்டுவார். தமிழில் என்னென்னவோ சொல்வார். ஒரு நாள் மகள் அதிகாலையில் தொடங்கிய வேலை முடிந்து பின்னேரம் வந்தாள். வார்டில் நோயாளி ஒருவர் இறந்துபோன நாள். வந்தவள் கதவுக்குப் பக்கத்திலிருந்த சோபாவில் யக்கெற்றோடு இருந்தாள், இருந்தபடியே சரிந்து உறங்கிவிட்டாள். குழந்தையும் மற்றப் பக்கத்தில் உறக்கம்.

"சப்பாத்தைக் கழற்றிவிட்டன். முழிக்கேல்லை. பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு." அவர் நாடாவின் நுனியை வெட்டி, மூலையில் சரியாகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "என்ரை பிள்ளை நித்திரை கொள்ளேக்கை எப்பிடி இருப்பாள் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது, தங்கச்சி. இருட்டும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன். எனக்கு வேறை வேலை இல்லைத்தானே."

அடுத்த யன்னல் வந்தது. நான் அதைப் பிடித்துக்கொடுத்தேன்.

நின்று வேலை செய்ய அவரால் நீண்ட நாள் முடியவில்லை. மூன்று வருடத்தில் மருத்துவர்கள் முழங்கால் இனித் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விட முடிவு செய்தார். ஓல்போர்க்கில் மகள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சிறிய வீடு பார்த்திருந்தார்கள். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, வைகாசி மாதம். பத்து மணிக்குக் கேக் வெட்டினோம். ட்ரக் ஓட்டும் பையன் வந்து அவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். இயக்குநர் வெளிநாட்டில் இருந்ததால் பேச்சு ஒன்றும் இல்லை. அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

அவரை வழியனுப்ப நானும் முற்றத்துக்குப் போனேன். பஸ்ஸில் போவார் என்றுதான் நினைத்திருந்தேன். வாசலில் ஒரு கார் நின்றது. மகள் காரில் சாய்ந்துகொண்டு நின்றாள். நான்கு வயதுக் குழந்தை அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளை நான் கல்யாணத்துக்குப் பிறகு காணவில்லை. முகத்தில் தாயின் சாயல் வந்திருந்தது. என்னைக் கண்டதும் டெனிஸில் வணக்கம் சொன்னவள், இடையில் நிறுத்தி, "சுகமா இருக்கிறீங்களா அன்ரி?" என்று தமிழில் கேட்டாள். சொற்கள் ஒன்றையொன்று தேடித் தேடி வந்தன.

அண்ணை அவளைக் கண்டு திகைத்து நின்றுவிட்டார்.

"உனக்கு வேலை இல்லையோ?"

"லீவு எடுத்தனான், அப்பா."

"அரை நாளோ?"

"இல்லை. முழு நாள்."

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த பையைக் காரின் பின் ஆசனத்தில் வைத்தார். கதவைச் சாத்தினார். நான் அவர் முன்னால் ஏறி இருக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏறவில்லை.

"அப்ப அவசரமில்லை" என்றார்.

தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு காட்டுப் பாதை இருக்கிறது. அந்த நாட்களில் பீச் மரங்கள் துளிர்த்து, பாதை முழுவதும் இளம்பச்சை வெளிச்சமாக இருக்கும். பேத்தி ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, நொண்டி நொண்டி அவர் முன்னால் நடந்தார். மகள் காட்டுப் பாதைக்குப் பொருந்தாத தன் சப்பாத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு பின்னால் போனாள். மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துவிட்டு நான் உள்ளே வந்து நாடாவை எடுத்தேன். வேலை முடிந்து வெளியே வந்தபோது மற்றவர்களின் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவர்களுடைய கார் நின்ற இடத்திலேயே நின்றது.